எழுத வருகிறது, படிக்க வரவில்லை

கண்ணு,

அடுத்த வாரம் இந்நேரம் நீ ஜெர்மனியில் இருப்பாய். போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே பெட்டி அடுக்குவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஸ்வெட்டர் எடுத்து வைத்தாயா, பருப்புப்பொடி எடுத்து வைத்தாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்ப்பது எனக்கு எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். கை தன்பாட்டுக்கு ஓடுகிறது. மேலே முடித்த வரியைப் பார்த்தால், மையில் விழுந்து எழுந்த எறும்பு காகிதத்தில் ஊர்ந்து போனதுபோல் இருக்கிறது. சொன்னதையே இரண்டு தரம் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள். உன் அப்பாவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம்தான், ஆனால் அவர் பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதை நீ படித்துக் காட்டலாம். இதில் பாதி அவர்களுக்கும் சொல்ல வேண்டியதுதான்.

அன்று காலை நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். முழுதாகச் சொல்கிறேன். அருள்புரத்தில் நம் கம்பெனியில் குழந்தைகள் பனியன் ஆர்டர் ஒன்று லேபிள் வைக்கக் காத்து நின்றது. எனக்குத் தலை கொஞ்சம் வலித்தது. காபி குடிக்காததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிள் கட்டு வந்திருந்தது. வழக்கம்போல ஒன்றை உருவிப் பார்த்தேன். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, நான் பார்த்தேயிராத ஏதோ ஒரு நாட்டு எழுத்து. அழகாகத்தான் அடித்திருந்தார்கள். லேபிள்காரர் வேறு யாருக்கோ அடித்த கட்டை நமக்கு அனுப்பிவிட்டார் என்று கோபம் வந்தது. சூப்பர்வைசர் மேரியைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து நம்மோடு இருக்கிற அதே மேரிதான்.

"மேரி, இந்த லேபிளைப் பாரு. எந்த ஊருக்கு அடிச்சதை நமக்குக் குடுத்துட்டுப் போயிருக்காங்க?"

அவள் வாங்கிப் பார்த்தாள். "நம்ம லேபிளுதானக்கா. நூறு சதவீதம் காட்டன், மேட் இன் இந்தியான்னு சரியாத்தானே போட்டிருக்கு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சுவரில் நாள்காட்டி தொங்கியது. தேதி எண் பளிச்சென்று தெரிந்தது. எண்ணுக்குக் கீழே இருந்த தமிழ் முழுவதும் அந்த அயல் எழுத்தாகியிருந்தது. மேஜைமேல் கிடந்த பில், தீயணைப்பு உருளையில் ஒட்டியிருந்த தாள், கதவில் உன் அப்பா எழுதி ஒட்டிய அட்டை, எல்லாம் அதே எழுத்து. ஊரையே வேறு பாஷைக்கு மாற்றிவிட்டு எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டதுபோல் இருந்தது. எழுந்து வெளியே போகப் பார்த்தேன். வலது தோள் நிலைக்கதவில் இடித்தது. அந்தப் பக்கம் ஒரு நிலை இருப்பதே எனக்குத் தெரியவில்லை. "யக்கா, உக்காருங்க, மொதல்ல உக்காருங்க" என்று மேரி என்னைப் பிடித்து உட்கார வைத்ததும், உன் அப்பாவுக்குப் போன் போட்டதும் ஞாபகம் இருக்கிறது. நான் பயந்தது அப்போதுதான். அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூளையின் பின்பக்கம், இடது புறமாக, ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, பேச்சு குளறவில்லை. உன் அப்பா சாமிக்கு வேண்டிக்கொண்டு, தப்பித்தோம் என்று நினைத்தார். மறுநாள் நரம்பு டாக்டரம்மா வந்தார். உன்னைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்தார்.

"பையன் என்னங்கம்மா பண்றாரு?"

"பெங்களூர்ல மூளையைப் பத்தி ஆராய்ச்சி பண்றானுங்க."

"அதையே எழுதுங்க, பார்ப்போம்."

எழுதினேன். கை தயங்கவே இல்லை. டாக்டரம்மா காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை மெஷின் ஓடுகிறது, ஆள் கிடைக்கிறதா என்று கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு அதே காகிதத்தை என் முன்னால் வைத்தார். "இதைப் படிங்கம்மா."

பார்த்தேன். கோடுகளும் சுழிகளும்தான் இருந்தன. "இது யாரோட எழுத்துங்க?" என்று கேட்டேன்.

"இப்ப நீங்க எழுதினதுதாங்க."

உன் அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னுங்க இது? இப்பத்தானுங்களே எழுதினா. என்ற கண்ணு முன்னாடிதானுங்களே எழுதினா." டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். "பார்வை இருக்குங்க, பாஷை இருக்குங்க, கையும் இருக்குங்க. கண்ணுல விழுந்த எழுத்து பாஷை இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ற வழி மட்டும் அடைஞ்சு போச்சுங்க. உள்ளே இருந்து வெளியே வர்ற வழி திறந்துதான் இருக்குது. அதனாலதான் எழுத வருது, படிக்க வரலை."

எனக்கு அழுகை வரவில்லை என்றால் நம்புவாயா? முதலில் வந்தது ஆச்சரியம். எழுதுவதும் படிப்பதும் ஒன்று என்றுதான் இத்தனை வயது வரைக்கும் நினைத்திருந்தேன். துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் இருப்பதுபோல, ஒன்றைக் கிழித்தால் மற்றதும் கிழியும் என்று. அப்படி இல்லையாம். எனக்குள்ளே எழுதுகிறவள் ஒருத்தி, படிக்கிறவள் ஒருத்தி. ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள், மற்றவள் அதைக் கவனிக்காமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் இத்தனை காலமாக "நான், நான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என் தலைக்குள் இன்னும் எத்தனை பேர் சத்தமில்லாமல் வேலை செய்கிறார்களோ என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. கம்பெனியிலிருந்து நூல் கோன்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். துணிக்கு ஏற்ற நூலை எடுத்து வைப்பதில் ஒரு தவறும் செய்யவில்லை, சாயம் ஒரு இழை கூடக் குறைய இருந்தாலும் கண்டுபிடித்தேன். ஆனால் அந்த நிறத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டால் வாயில் வரவில்லை. வானம் என்ன நிறம் என்று சும்மா கேட்டால் நீலம் என்பேன். நீல நூலைக் கையில் கொடுத்துக் கேட்டால் விழிப்பேன். டாக்டரம்மா, இதுவும் அந்த அடைபட்ட வழியில்தான் வரும் என்றார்.

நீ ஓடி வந்தாய். என் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். நீங்கள் கணினிக்குள் கட்டியிருக்கிற மாடல், எழுத்தின் படத்தைக் கொடுத்தால் அடுக்கு அடுக்காகப் போய் வார்த்தையைச் சொல்லிவிடுகிறது என்றாய். "ஒரு ஆளு படிக்கும்போது ஸ்கேன் எடுத்தா, மூளையில எந்த இடம் எவ்வளவு வேலை செய்யும்னு இது முன்னாடியே சொல்லிடுதுங்கம்மா. ரெண்டும் ஒத்துப்போகுது. மூளை எப்படிப் படிக்குதுன்னு இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கு." அதைச் சொல்லும்போது உன் முகம், சின்ன வயதில் முதல் பரிசு வாங்கி வந்த முகமாக இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"உன்ற மாடல் எழுதுமா கண்ணு?"

"எழுதாதுங்கம்மா. படிக்க மட்டுந்தான்."

"அப்ப நானும் அதும் நேர் எதிரு" என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நீ பெங்களூர் திரும்பிப் போய் என்ன செய்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் ஸ்கேனைப் பார்த்து, அதே இடத்தை மாடலிலும் அழித்திருக்கிறாய். அழித்துவிட்டு, மறுபடியும் மறுபடியும் படிக்கப் பழக்கியிருக்கிறாய். அது தேறவே இல்லை. உன் அப்பாவுக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு இனி படிக்க வராதுங்கப்பா. அவங்க முயற்சி பண்ணிச் சலிச்சுப் போகறதுக்கு முன்னாடி நாமளே கம்பெனி யூனிட்டை யாருக்காவது விட்டுரலாமுங்க" என்று சொல்லியிருக்கிறாய். அவர் என்னிடம் சொல்லவில்லை. தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மனுஷனின் முகத்தைப் படிக்க எனக்கு எந்த வழியும் அடைபடவில்லை. ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு நாள் மத்தியானம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கம்பெனிக்குப் போனேன். சேம்பிள் அறையில் குழந்தைகள் பனியன் ஒன்று கிடந்தது. நெஞ்சில் ஒரு யானைப் படம், அதற்குக் கீழே ரப்பர் மையில் உப்பலாக எழும்பி நிற்கிற எழுத்துகள். இந்த மாதிரி பிரிண்ட் வந்தால் ஓரம் பிரிகிறதா என்று விரலால் வழித்துப் பார்ப்பது என் பழக்கம். யோசிக்காமலே முதல் எழுத்தின் ஓரத்தில் விரலை வைத்து வழித்தேன். நேராக ஒரு கோடு, மேலே ஒரு வயிறு, கீழே ஒரு வயிறு. என் வாய் "பி" என்றது.

நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. விரலை எடுத்துவிட்டு அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் உருவம். மறுபடி விரலை வைத்து வழித்தேன். "பி." அடுத்ததில் விரல் இறங்கி வலது பக்கம் திரும்பியது. "எல்." அடுத்தது கிண்ணம்போல் வளைந்து ஏறியது. "யு." கடைசியில் ஒரு கோடு, அதிலிருந்து மூன்று கிளை. "ஈ." நான்கையும் வாய்க்குள் சேர்த்தேன். ப்ளூ. நீலம். நிமிர்ந்து யானையைப் பார்த்தேன். யானை நீலமாக இருந்தது. கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல முடியாமல் நான் திணறிக்கொண்டிருந்த நிறத்தின் பெயரை என் விரல் எனக்குப் படித்துச் சொல்லிவிட்டது.

பனியனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெளியே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பையன் இந்தியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உலகம் அதன்பாட்டுக்கு இருந்தது. என் மூளை, யாரும் சொல்லிக் கொடுக்காமல், என்னிடம் கூடக் கேட்காமல், பூட்டிக் கிடக்கிற முன்வாசலை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஆளை உள்ளே அனுப்பிவிட்டது. அப்புறம்தான் டாக்டரம்மா சொன்னார், இந்தக் கோளாறு வந்த சிலர் இப்படி விரலால் வழி கண்டுபிடித்துக்கொள்வார்களாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. உலகத்திலேயே முதல் ஆள் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாதாரண அச்செழுத்துக்கு வந்தேன். அது எழும்பி நிற்காதே, அதனால் கண்ணால் வளைவைப் பின்தொடர்ந்து, விரலால் தொடைமேல் அதையே எழுதிப் பார்ப்பேன். எழுதி முடித்ததும் எழுத்து தெரிந்துவிடும். தமிழ்தான் படாத பாடு படுத்தியது. றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் எத்தனை சுழி என்று விரல் சுழன்று சுழன்று வர வேண்டும். ழகரம் என்றால் வால் எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். ஒரு வரிக்கு ஒரு சமையல் நேரம் ஆகும். யாரிடமும் சொல்லவில்லை. முதலில் எனக்கே நிச்சயமாக வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த தரம் நீ வந்த அன்று சாயங்காலம் நாம் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். நீ எனக்கு முன்னாலேயே அப்பாவிடம் பேச்சை எடுத்தாய்.

"ஜெர்மனியில கிடைச்ச ஆராய்ச்சி வேலைக்கு வரலைன்னு எழுதிரப் போறனுங்கப்பா. இங்கேயே ஏதாவது பார்த்துக்கறேன். யூனிட்டை விட்டுருங்க. அம்மாவை இன்னும் லேபிளைப் பாரு, பில்லைப் பாருன்னு கஷ்டப்படுத்த வேண்டாமுங்க."

"யாரு சொன்னா எனக்குப் படிக்க வராதுன்னு?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "மாடல்ல பார்த்தனுங்கம்மா. எவ்வளவு பழக்கினாலும் திரும்பி வரலை."

உன் குரல் உடைந்திருந்தது. எனக்காக நீ ராப்பகலாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாய் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. "ஒரு காயிதத்துல ஏதாச்சும் எழுது கண்ணு. எனக்குத் தெரியாததா எழுது" என்றேன். நீ அப்பாவைப் பார்த்தாய். அவர் எழுது என்பதுபோல் தலையாட்டினார். நீ எழுதி என் பக்கம் தள்ளினாய்.

நான் விரலை மேஜைமேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். அம். மா. அந்த இரண்டும் சீக்கிரம் வந்துவிட்டன. உன் எழுத்து கோழிக் கிளறல், அச்சைவிடக் கஷ்டம். உன் அப்பா சோற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார். ம. ன். னி. ச். சி. அதற்குமேல் நான் வரையவில்லை, வார்த்தை தானே முடிந்துவிட்டது. நா. ன். கடைசி வார்த்தைக்குப் போனேன். போ. க. லை.

"அம்மா, மன்னிச்சிருங்க. நான் போகலை" என்று படித்துவிட்டு, "போகோணும் கண்ணு" என்றேன்.

நீ அப்படி அழுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய பையன், தாடி வைத்தவன், என் விரலைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு புது ஜந்துவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே அழுதாய். அப்புறம் சிரித்தாய். "மாடலுக்குக் கை இல்லீங்கம்மா. நாங்க அதுக்குக் கையே வைக்கலை." உன் அப்பா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். யூனிட்டை விடுகிற பேச்சு அன்றோடு முடிந்தது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் மாடல் பொய் சொன்னது என்று நான் எண்ணவில்லை. அது பார்த்த வழி அடைபட்டுத்தான் கிடக்கிறது. இன்றைக்கும் விரலை அசைக்காமல் கண்ணால் மட்டும் பார்த்தால் எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரிவதில்லை. அந்த ஒரு வழியைப் பற்றி அது சொன்னது சரி. நீ அதை என்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டாய். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது பார். ஒத்துப்போகிறது, ஒத்துப்போகிறது என்று நீ சொன்னாயே, நல்லபடியாக இருக்கிறவர்கள் படிக்கிறபோது அது ஒத்துப்போனது. கையும் படிக்கும் என்பது அவர்களின் மூளையிலும் அப்போதே இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தேவைப்படாததால் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். வெளியே வராததோடு ஒரு மாடல் எப்படி ஒத்துப்போகும்?

உனக்கு நாலு வயதிருக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்காது. குழந்தைகள் பனியனுக்கு அளவு பார்க்க ஒரு பொம்மை உடம்பு வாங்கினோம், டம்மி என்போம். தலை, தோள், இடுப்பு எல்லாம் அந்த வயசுக் குழந்தையின் அளவு. முதல் சேம்பிளை அதற்குப் போட்டுப் பார்த்தால் தைத்து ஒட்டியதுபோல் இருந்தது. உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு என்ன தோன்றியதோ, அதைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டேன். நின்றபோது சரியாகத்தான் இருந்தது. நீ அப்பாவைப் பார்த்ததும் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் மேலே தூக்கினாய். பனியன் தொப்புளுக்கு மேலே ஏறிக் கழுத்தை இறுக்கிவிட்டது. நீ வீல் என்று கத்தினாய். டம்மிக்குக் குழந்தையின் அளவு எல்லாம் இருந்தது, அப்பாவைப் பார்த்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் அதற்கு இல்லை. அதற்காக டம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டோமா? இல்லை, இன்றைக்கும் அது சேம்பிள் அறையில் நிற்கிறது, தினமும் அதை வைத்துத்தான் வேலை நடக்கிறது. ஆனால் அதைப் பார்த்து யாரும் குழந்தை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன் என்று சொல்வதில்லை. உன் மாடலையும் அப்படி வைத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் நீ போன் பண்ணி, "கையும் வச்சாச்சுங்கம்மா. எழுத்தை வரைஞ்சு பார்க்கிற மாதிரி மாத்தினோம். இப்ப அந்த இடத்தை அழிச்சாலும் மெதுவாத் தேறிடுது, உங்களை மாதிரியே" என்றாய். நான் நல்லது கண்ணு என்று மட்டும் சொன்னேன். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை மாதிரியே தேறுகிறது என்றால், நான் தேறியதை நீ பார்த்த பிறகு. நான் செய்து காட்டாத ஒன்றை அது எனக்குச் சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். நடந்ததைப் பார்த்து நடந்ததுபோலவே செய்வது கெட்டிக்காரத்தனம்தான். ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்வது வேறு இல்லையா? நான் படித்தவள் இல்லை, பன்னிரண்டாம் வகுப்போடு சரி. இந்தக் கேள்வியை நீங்கள் எல்லாம் எப்போதோ கேட்டு முடித்திருக்கலாம். ஆனாலும் உள்ளேயிருந்து பார்த்தவள் என்ற முறையில் கேட்கிறேன். நாலு எழுத்தைச் சேர்த்ததும் "நீலம்" என்பது எனக்குள் வந்து நின்றதே, அது எங்கிருந்து வந்தது, எனக்கு அது வந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லும் அடுக்கு உன் மாடலில் எத்தனையாவது அடுக்கு?

இப்படிக் கேட்பதால் உன் வேலையை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு நேர்ந்ததற்குப் பிறகு, உலகத்திலேயே பெரிய வேலையை நீதான் செய்கிறாய் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் வானத்தைப் பார்த்தால்தான் பிரமிப்பாக இருக்கும். இப்போது பஸ்ஸில் பக்கத்தில் தூங்கி வழிகிறவரின் தலையைப் பார்த்தாலே இருக்கிறது. இந்தப் பிரமிப்பு உனக்கும் இருக்கிறது என்று தெரியும், அதனால்தானே இந்தப் படிப்புக்குப் போனாய். ஒத்துப்போகிற கணக்கைப் பார்த்துப் பார்த்து அது தேய்ந்துவிடக் கூடாது என்றுதான் எனக்குக் கவலை. அங்கே பெரிய பெரிய மெஷின்கள் இருக்கும். பெரிய ஆட்கள், மூளையை அவிழ்த்துவிட்டோம் என்று பேசுவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய், ஏதோ ஒன்றை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷனோடு வாரத்தில் கொஞ்ச நேரமாவது பேசு. அவர் என்ன இழந்தார் என்று ஸ்கேன் சொல்லும். என்ன கண்டுபிடித்தார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் நானும் அவரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பல்லடம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் கொளுத்தியது. முன்னால் சரக்கு லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. நான் ஒன்றையும் படிக்க நினைக்கவில்லை. கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன, முந்தானை நுனியைக்கூடத் திருகிக்கொண்டிருக்கவில்லை. கண் சாலையோரத்தில் போய்க்கொண்டிருந்தது. மரத்தில் ஆணி அடித்து மாட்டிய ஒரு தகரத்தைத் தாண்டினோம்.

"இளநீர்" என்றேன்.

உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தாகமா இருக்குதா? இளநீ எங்க இருக்குது?" வண்டியை ஓரங்கட்டினார். கடை எங்கேயும் கண்ணில் படவில்லை. இறங்கி லாரி போன திசையில் கொஞ்சம் நடந்து போய்ப் பார்த்தால், ஒரு வளைவுக்கு அந்தப்புறம் தள்ளுவண்டியில் இளநீர் குவித்து வைத்திருந்தார்கள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு வெட்டச் சொன்னார். நான் காசை எடுத்துக் கொடுத்தேன்.

விரல் அசையவில்லை கண்ணு. வாய்க்குள் கூட்டவும் இல்லை. முன்பெல்லாம் எப்படி வருமோ அப்படியே, பார்த்ததும் வந்தது. அடைபட்ட வழி திறந்ததா, இல்லை என் மூளை மூன்றாவதாக ஒரு வழி போட்டுக்கொண்டதா, யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து கண்ணில் படுகிற பலகையை எல்லாம் உற்று உற்றுப் பார்க்கிறேன், மறுபடி வரவில்லை. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். எப்போது, எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரியலீங்கம்மா" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் எவ்வளவு மதிப்பு வந்தது தெரியுமா?

அன்று இளநீரைக் குடித்துவிட்டு, உன் அப்பா வண்டியை எடுக்கப் போனபோது, நான் தனியாக அந்த மரத்தடிக்கு நடந்து போனேன். தகரத்துக்கு நேர் முன்னால் போய் நின்றேன். சாயத்தில் யாரோ அவசரமாக எழுதிய கோடுகளும் சுழிகளும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தும் அவை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பத்திரமாகப் போய் வா சாமி.

உன் அம்மா